திரையைத் திருப்பி வைத்தவள்

அகதாவால் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் ஓரிடத்தில் உட்கார முடியாது. மலேசியாவில் லிங்கிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய ராயப்பனின் மூத்த மகள் அவள். எழுபதுகளின் கடைசியில், பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, சிரம்பானில் சோலையப்பன் நடத்திய பயணச்சீட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சோலையப்பனின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வட்டித் தொழில் பார்த்தது. அவருக்கு மட்டும் அதில் மனம் ஒட்டவில்லை. கப்பல் டிக்கெட் விற்க வந்துவிட்டார்.

அப்போதெல்லாம் தோட்டத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். தமிழ்நாட்டிலுள்ள ஊருக்குப் போகவேண்டும் என்று மட்டும் சொல்வார்கள். எந்தக் கப்பல், எந்த நாள் என்பதையெல்லாம் சோலையப்பன்தான் முடிவு செய்வார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கப்பல் நின்று எல்லோரும் விமானத்துக்கு மாறிய பிறகும் இதில் பெரிய மாற்றமில்லை. கோலாலம்பூரில் விமானக் கம்பெனி அதிகாரி ஒருவரை அவருக்கு நன்றாகத் தெரியும். "இருபது பேருக்கு இடம் வை, பேரை அப்புறம் தர்றேன்" என்று போனில் சொன்னால் போதும், இடம் காத்திருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. சோலையப்பன் அதன் பக்கமே போகவில்லை. அகதா கோலாலம்பூருக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தாள். எந்த விமானத்தில் எத்தனை இடம் காலி என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது அவளைப் பிடித்து ஆட்டியது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டே எதையாவது தட்டிப் பார்ப்பாள்.

மறு வருடம் அவள் பிறந்த தோட்டத்திலிருந்தே ஒரு கூட்டம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கிளம்பியது. முன்னின்றவர் ஆக்னஸ் என்ற விதவை. அகதாவின் அம்மாவோடு ஒரே நிரையில் மரம் வெட்டியவர். அகதா எல்லோர் பெயரையும் போட்டு இடம் பிடித்திருந்தாள், ஆனால் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வராததால் டிக்கெட் எழுத முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் டிக்கெட் எழுதாவிட்டால் பெயர்கள் விழுந்துவிடும் என்று திரை சொன்னது. அகதா அதைச் சோலையப்பனிடம் இரண்டு மூன்று தடவை சொன்னாள். அதிகாரியிடம் பேசிவிட்டதாகவும், அவர் பிடித்து வைப்பார் என்றும் சொல்லி அவர் சாப்பிடப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை திரையில் ஒரு பெயர்கூட இல்லை. சோலையப்பன் போன் செய்தார். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இப்போது எதுவும் தன் கையில் இல்லை, நேரம் முடிந்தால் மிஷின் தானாகவே இடத்தை விட்டுவிடும் என்றார். பேச்சு முடிந்த பிறகும் சோலையப்பன் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் பூசை முடியும் நேரத்துக்கு அகதா தோட்டத்துக்கு பஸ் ஏறினாள். மாதா கோயில் வாசலில் நின்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள். ஒரு பாட்டியம்மா முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆக்னஸின் மகன் யாகப்பன்தான் முன்னால் வந்தான். அவன் தோட்டத்து வேலைக்குப் போகாமல் செனவாங்கில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்திருந்தவன்.

"இடம் இருக்குன்னும் நீங்கதான் சொன்னீங்க. இப்ப இல்லன்னும் நீங்கதான் சொல்றீங்க. நடுவுல என்ன நடந்துச்சின்னு எங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்? நாங்க கண்ணால பாக்கவே இல்லலா."

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அது அவளை அரித்தது. திங்கட்கிழமை ஆக்னஸையும் யாகப்பனையும் கடைக்கு வரச் சொன்னாள். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தக் கனத்த பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி அவர்கள் பக்கம் திருப்பினாள். ஒயர் இழுபட்டு மேசையிலிருந்த தேநீர் கவிழ்ந்தது. அதைத் துடைக்காமலே ஒவ்வொரு வரியாகக் காட்டினாள். இது விமானம், இது கிளம்பும் நேரம், இது மிச்சமுள்ள இடம். எல்லோரும் ஒன்றாகப் போக வழியில்லை. மூன்று பிரிவாகப் பிரிந்தால், ஒரு பிரிவு சிங்கப்பூர் வழியாகச் சுற்றினால், போகலாம். யார் யாரோடு என்பதை ஆக்னஸ் முடிவு செய்தார். திடமானவர்களை முதலில் அனுப்பிவிட்டு, தான் கடைசிப் பிரிவில் நின்றுகொண்டார். எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் கடைசிப் பிரிவு போனபோது கொடியேற்றம் முடிந்திருந்தது. ஆக்னஸுக்கு அந்தக் குறை வெகுநாள் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை அவர்கள் எழுந்து போனதும் சோலையப்பன் அகதாவைக் கூப்பிட்டார்.

"நாம விக்கிறதே அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதத்தானம்மா. அதத் தொறந்து காட்டிட்டா, நாளைக்கு நம்மகிட்ட என்ன இருக்கும்?"

அகதா கவிழ்ந்த தேநீரைத் துடைத்தாள். ஆனால் திரையைப் பழைய பக்கம் திருப்பவில்லை.

கடையில் கூட்டம் கூடியது. பக்கத்தில் உள்ள கோலா சாவாவிலிருந்தும் சுவாவிலிருந்தும் ஃபேக்டரிக்குப் போகும் பெண்கள் ஐந்தாறு பேராக வந்தார்கள். அவர்களுக்கு ஊர் வேண்டாம். சுற்றிப் பார்க்க ஹாட்யாய், லங்காவி, பாலி என்றார்கள். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதைவிட மலிவாக இருக்கிறதா, இரவு விமானம் வேண்டாமே என்று தோண்டித் தோண்டிக் கேட்டார்கள். எல்லாம் கேட்டுவிட்டு, பக்கத்துத் தெருக் கடையிலும் விசாரித்து வருகிறோம் என்று எழுந்து போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். வராதவர்களை எதிர்பார்த்து அகதா வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள்.

தொண்ணூற்றேழில் யாகப்பன் சில தாள்களோடு வந்தான். அப்போது அவன் சூப்பர்வைசர். ஃபேக்டரி ஆபீசில் இன்டர்நெட் வந்துவிட்டது. அதில் பார்த்து அச்செடுத்த விமான நேரங்கள் அவை. இதில் எது நல்லது என்று கேட்டான். அவள் பொறுமையாக விளக்கினாள். நன்றி சொல்லிவிட்டுப் போய், விமானக் கம்பெனிக்கே போன் போட்டு, கிரெடிட் கார்டில் டிக்கெட் எடுத்துக்கொண்டான். அவன் வேண்டுமென்று செய்ததில்லை. அவனுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை என்பதுதான் அவளை அதிகம் படுத்தியது.

அடுத்த வருடம் சோலையப்பன் கடையை மூடினார். அகதா கோலாலம்பூரில் ஒரு கம்பெனியின் போன் விற்பனைப் பிரிவில் சேர்ந்தாள். காதில் மாட்டிய கருவியோடு நாள் முழுக்க நாற்காலியில் இருக்கவேண்டும். ஒரு குரல் வரும், டிக்கெட் வாங்கும், அறுந்துபோகும். போனவர் போய்ச் சேர்ந்தாரா என்று தெரியாது. அவளால் தாங்க முடியவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டுச் செனவாங்கில் தம்பி வீட்டுக்கு வந்தாள். ஒரு நாளைக்கு நாலு தடவை வீட்டைக் கூட்டினாள். பக்கத்துச் சாலையில் பஸ் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்த்தாள்.

யாகப்பன் அங்கேயும் தேடி வந்தான். அம்மாவுக்கும் அவருடைய தோழிகளுக்கும் வேளாங்கண்ணிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, சிங்கப்பூரில் விமானம் மாறவேண்டும் என்பதால் கிழவிகள் பயப்படுகிறார்கள் என்றான்.

"டிக்கெட்ட எங்கிட்ட எடுக்கல. ஆள மட்டும் கேக்க வந்திருக்கியா?" என்றாள் அகதா.

யாகப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "டிக்கெட்ட இப்ப யார் வேணும்னாலும் எடுத்துடலாம்க்கா. கூடப் போறதுக்குத்தான் ஆள் இல்ல. அம்மா நீங்க வந்தாதான் போவேன்னு உக்காந்திருக்காங்க."

அவளுக்குக் கோபம் தீரவில்லை. இருந்தும் அன்று மாலையே ஆக்னஸைப் பார்க்கப் போய், எந்தச் செருப்பு, எவ்வளவு சாமான் என்று பேசத் தொடங்கிவிட்டாள்.

செப்பாங்கில் திறந்திருந்த புது விமான நிலையத்தில் நகரும் படிக்கட்டைக் கண்டு கிழவிகள் நின்றுவிட்டார்கள். ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்றினாள். சிங்கப்பூரில் விமானம் ஏறவேண்டிய வாசலைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். முட்டி வலிக்கிறது, இதற்கு மேல் நடக்க முடியாது என்று ஆக்னஸ் உட்கார்ந்துவிட்டார். அகதா ஓடிப்போய் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை கொடியேற்றத்துக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு அதுவே அவள் தொழிலாயிற்று. டிக்கெட்டைப் பிள்ளைகள் எடுப்பார்கள், பெற்றோரை அவள் அழைத்துப் போவாள். ஒரு கூட்டத்தோடு திரும்பும்போதே அடுத்த கூட்டத்தின் பெயர்கள் வந்திருக்கும். ஆனாலும் இந்தத் தொழிலும் கைவிட்டுப் போய்விடுமோ என்று அவளுக்கு நிம்மதி இல்லை. கம்ப்யூட்டரில் இப்போது புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று, பெற்றோரை வழியனுப்ப வரும் பிள்ளைகளை விமான நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தாள்.