திரை போட்ட பேருந்து

கதவு திறந்துகொண்டது. கிரேஸ் ஏறவில்லை. கம்பெனிப் பேருந்தின் சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் நீலத் திரை இழுத்துவிட்டிருந்தது.

காஞ்சிபுரத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டுதான் பேருந்து ஐயம்பேட்டைக்கு வரும். இன்று அவர்கள் ஏறினார்களா என்பது திரைக்குப் பின்னால் இருந்தது.

கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி. கழிப்பறைக்குப் போக எதற்குக் கையெழுத்து என்று கேட்ட ஏலவார்குழலியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கிரேஸ் காய்ச்சலில் துவண்ட நாட்களில் இவள் பங்கையும் சேர்த்துக் கட்டியவள் அவள். கை கழுவும் இடத்தில் எல்லோரும் பேசிவைத்தார்கள்: அவளைத் திரும்ப எடுக்கும்வரை பேருந்தில் ஏறுவதில்லை. ஒருவரும் ஏறாவிட்டால் கம்பெனி இறங்கி வரும். பாதிப் பேர் ஏறிவிட்டால், மீதிப் பேருக்கும் வேலை போகும். வாட்ஸப் குழுவை சூப்பர்வைசரும் படிக்கிறார் என்ற பேச்சு வந்ததிலிருந்து அதில் யாரும் எழுதவில்லை.

கிரேஸ் எதையும் முதலில் செய்து பழகாதவள். தேவாலயத்தில் முன்வரிசை எழுந்த பிறகே எழுவாள். பள்ளியில் விடை தெரிந்தாலும் வேறு கைகள் உயர்ந்த பிறகே அவள் கை உயரும். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை. அந்தச் சம்பந்தம் நின்றது. அப்பா யேசுதாஸ் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தபின் வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

"உள்ள இருக்காங்களாண்ணா?" என்று ஓட்டுநர் கோதண்டபாணியிடம் கேட்டாள்.

"எனுக்கு இன்னா தெரியும்மா? நான் ரோட்ட பாத்துக்கினு வரேன்."

பின்பக்கம் ஒரு திரை அசைந்தது, யாரோ விலக்கிப் பார்ப்பதுபோல. கிரேஸ் ஏறினாள். வாசலில் இருந்த கருவியில் அட்டையைக் காட்டினாள். அது கூவியது.

உள்ளே ஒருவரும் இல்லை. ஏசிக் காற்றில் திரை ஆடிக்கொண்டிருந்தது.

"நான் எறங்கிக்கிறேண்ணா."

"எறங்கேன். கார்டு காட்டிட்ட. இப்ப எறங்கனா ரெண்டு பக்கமும் கெட்ட பேரு." அவர் திரும்பவில்லை. "முன் சீட்ல ஒக்காரு. ஸ்கிரீனத் தொறந்து வுடு. கம்பெனில அப்பிடித்தான் எனுக்கு சொல்லிக்கிறாங்க. எனுக்கும் வூடு இருக்குதும்மா."

அவள் திறக்கவில்லை. அவரே எழுந்து வந்து திறந்துவிட்டுப் போனார். படி பக்கத்திலேயே இருந்தது. அவள் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். கதவு மூடியது.

வாலாஜாபாத் நிறுத்தத்தில் கூட வேலை செய்யும் காவேரியும் இன்னும் சில பெண்களும் கைகட்டி நின்றார்கள். கிரேஸ் குனிந்து முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். சன்னலில் வெறும் இருக்கைதான் தெரியும். பேருந்து நின்றது. படியில் காலடிச் சத்தம் இல்லை. ஏறமாட்டார்கள். மூச்சை அடக்கிக்கொண்டாள்.

ஆனால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. தலையைத் தூக்கினாள். காவேரியின் கண்கள் நேரெதிரே இருந்தன.

"கிரேஸே ஏறிட்டாளா?" என்றாள் காவேரி, பின்னால் நின்றவர்களிடம். "அப்ப எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. வாங்கடி."

அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவின. ஏறியவர்கள் காலி இருக்கைகளைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். யாரும் இறங்கவில்லை. யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

மறுநாள் பேருந்து காஞ்சிபுரத்திலிருந்தே நிறைந்து வந்தது. திரைகள் திறந்திருந்தன. கிரேஸ் ஏறிக்கொண்டாள். ஏலவார்குழலியின் மேசையருகே புதிதாக ஒரு பெண் நின்றாள். அவளுக்கு வயர் கட்டக் காட்டித்தரும்படி சூப்பர்வைசர் சொன்னார். கிரேஸ் காட்டித்தந்தாள். மதியம் புளிசாதம். கழிப்பறைக்குப் போனவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.