பதினோரு நாளா, பதினெட்டு வருடமா?

அடுத்த தெருவில் இருக்கும் டீச்சரும் நானும் தினமும் காலை எட்டே காலுக்கு நாகல் நகரில் ஒரே ஆட்டோவில் ஏறுவோம். நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அதைத் தாண்டி இருக்கும் பள்ளியில் டீச்சர் கணக்கு எடுக்கிறார். முதல் ஆறு மாதம் வெயிலையும் தண்ணீர் வராததையும் தவிர நாங்கள் வேறு எதையும் பேசியதில்லை. ஒருநாள் என் போன் திரையில் பாதியில் நின்றிருந்த படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, நீங்களும் இதைப் பாப்பீங்களா?" என்று கேட்டார். அன்றோடு வெயில் பேச்சு நின்றது.

அது ஒரு விண்வெளித் தொடர். இருபது வருடத்துக்கும் மேலாக ஓடுகிறது. நட்சத்திரங்களுக்கு நடுவே பழுதாகிக் கிடக்கும் நிலையங்களைச் சரிசெய்யப் போகும் ஒரு கப்பல், அதில் ஒரு கேப்டன், ஏழெட்டு ஆட்கள். கேப்டன் நான்கு பேர் மாறிவிட்டார்கள், கப்பல் மாறவில்லை. நான் கல்லூரி விடுதியில் பார்க்க ஆரம்பித்தேன். டீச்சர் அண்ணனுடைய கம்ப்யூட்டரில். இத்தனை வருடமாக இதைப் பற்றிப் பேச எங்கள் இருவருக்கும் ஊரில் ஓர் ஆள் கிடைத்ததில்லை.

டீச்சர் ஒரு முறை வைத்திருந்தார். பழைய சீசனில் ஒன்று, அதற்குப் பதில் சொல்வதுபோல் பின்னால் வந்த சீசனில் ஒன்று என்று இரண்டிரண்டாகத்தான் பார்க்க வேண்டும். "ஒத்தையாப் பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ஜோடி போட்டாத்தான் எது நொண்டுதுன்னு தெரியும்" என்பார். சாயங்காலம் அவரவர் வீட்டில் பார்ப்போம். காலையில் ஆட்டோவில் கிழித்துத் தோரணம் கட்டுவோம்.

எங்கள் சண்டை முற்றியது ஒரு குறிப்பிட்ட ஜோடியில். பழைய கதையில், ஒரு நிலையம் உடையப் போகிறது. யாராவது ஒருவர் உள்ளே இருந்து பம்பை ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் கப்பல் தப்ப முடியும். மெக்கானிக் பெண் நான் இருக்கிறேன் என்கிறாள். திரும்பி வருவேன் என்று கேப்டன் வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதோடு கதை முடிகிறது. புதிய கதையில், பதினெட்டு வருடம் கழித்துக் கப்பல் அங்கே போகிறது. கதவைத் திறந்தால் அவள் அப்படியே இருக்கிறாள், ஒரு நரைமுடி இல்லை. அந்த இடத்தில் காலம் மெதுவாக ஓடுமாம். அவளுக்குப் பதினோரு நாள்தான் ஆகியிருக்கிறது.

"இது மோசடி" என்றார் டீச்சர். "பதினெட்டு வருஷம் நான் அவளுக்காகக் கவலைப்பட்டிருக்கேன். அவ பதினோரு நாள் சும்மா உக்காந்திருந்திருக்கா!"

"அவ அங்கயே கெழவியாகிச் செத்தாத்தான் உங்களுக்குத் திருப்தியா?"

"செத்தா அழுதிருப்பேன். இப்ப அழுத கண்ணீரத் திருப்பிக் குடுன்னு கேக்குறேன்."

பழைய கதையின் கடைசிக் காட்சியையாவது புதிதாக எடுத்தவர்கள் கெடுக்காமல் விட்டார்களே என்றேன் நான். அவள் இரண்டு தட்டு எடுத்து வைப்பாள், ஒன்று தனக்கு, ஒன்று வரப்போகிறவருக்கு. இரண்டாவது தட்டைத் துடைத்துத் துடைத்து வைப்பாள். "ஆமா, நீலத் தட்டு" என்றார் டீச்சர்.

அப்போதுதான் ஆட்டோ நின்றுவிட்டதைக் கவனித்தேன். பேருந்து நிலையம் இன்னும் வரவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கமே ஓரங்கட்டிவிட்டு, டிரைவர் முழுதாகத் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாணார்பட்டிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் செவ்வந்தி போட்டிருக்கிறார்கள். இவர் மட்டும் ஆட்டோவோடு தினமும் டவுனுக்கு வந்துவிடுவார். அதுவரை எங்களிடம் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார்.

"ரெண்டாவது தட்டுல சோறு வச்சாளாக்கா?" என்று கேட்டார்.

"இல்லப்பா, தட்டு மட்டுந்தான்."

"அடப் பாவமே" என்று சொல்லி வண்டியை எடுத்தார். அன்று டீச்சருக்கு முதல் மணி அடித்துவிட்டது.

அது தமிழ் டப்பிங்கில் எங்கே கிடைக்கும் என்று டிரைவர் கேட்டுத் தன் போனில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பகலில் மனைவியோடு உட்கார்ந்து இரண்டையும் பார்த்தார். திங்கட்கிழமை காலை நாங்கள் ஏறியபோது முகத்தை உர்ரென்று வைத்திருந்தார்.

"பாத்தீங்களா தம்பி?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"பாத்தேன். தட்டு எங்க?"

"எந்தத் தட்டு?"

"ரெண்டு தட்டு. நீலத் தட்டு. தொடச்சுத் தொடச்சு வச்சாளே, அது. ஏதோ பொட்டலத்தப் பிரிச்சு நின்னுக்கிட்டே திங்கிறா, படம் முடிஞ்சு போச்சு. நான் என் பொண்டாட்டிகிட்ட அம்புட்டு சொல்லி வச்சிருக்கேன், இந்தா வரும், இந்தா வரும்னு. 'ஒமக்கு யாரோ நல்லாக் கதை அளந்திருக்காக'ன்னு சிரிக்கிறா."

"முழுசாப் பாத்திருக்க மாட்டீங்க" என்றார் டீச்சர், பள்ளிக்கூடக் குரலில்.

"மூணு தடவ பாத்தேன் டீச்சர்."

பரிசோதனைக் கூடத்தில் கூட்டம் குறைந்ததும் நான் போனை எடுத்து அந்தக் காட்சியைத் தேடினேன். தட்டு இல்லை. ஒரு தட்டுகூட இல்லை. பொட்டலத்தைப் பிரித்து நின்றுகொண்டே இரண்டு வாய் சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். முந்தின வாரம் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறிய நான்தான் இரண்டு தட்டு என்று அத்தனை உறுதியாகச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால், விடுதியில் முதன்முதல் பார்த்த நாளிலிருந்தே அந்தத் தட்டு என் மனதில் இருந்தது. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. டீச்சரைக் கூப்பிட்டேன். அவரும் இடைவேளையில் பார்த்துவிட்டிருந்தார்.

"அப்ப நீலம்னு எப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"தெரியலையே. நீங்க தட்டுன்னு சொன்னதும் எனக்கு நீலமாத் தெரிஞ்சிருச்சு" என்றார்.

மறுநாள் இரண்டு பேரும் டிரைவரிடம் ஒப்புக்கொண்டோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "படத்த விட நீங்க சொன்னதுதான்க்கா நல்லாருந்துச்சு. ஆனா அத என் பொண்டாட்டிகிட்ட நீங்களே வந்து சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டா" என்றார்.

அப்படித்தான் அடுத்த ஞாயிறு அவருடைய ஆட்டோவிலேயே சாணார்பட்டிப் பக்கம் போனோம். வழியெல்லாம் டீச்சர் என்னிடம் பதினோரு நாள் கணக்கு எப்படித் தப்பு என்று நிரூபித்துக்கொண்டு வந்தார். டிரைவரின் மனைவி வாசலிலேயே, "தட்டு வைக்கிற அக்கா யாரு?" என்று கேட்டார். கையைத் தூக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தார். மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட வெஞ்சனத்தோடு சாப்பாடு. அதன் பிறகு டி.வி.யில் போனை இணைத்து இரண்டையும் மறுபடி போட்டோம். டப்பிங்கில் கேப்டன் மேடைப் பேச்சாளர் மாதிரி முழங்கினார்.

முடிந்ததும் வழக்கம்போல நானும் டீச்சரும் ஆரம்பித்தோம். பதினோரு நாள், பதினெட்டு வருடம். டிரைவர் டீச்சர் பக்கம் பேசினார். அவர் மனைவி மடியில் செவ்வந்தி வைத்துத் தொடுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்:

"நாளு எத்தனையா இருந்தா என்ன? வாரேன்னு சொன்னது அந்த மீசக்காரரு. வந்தது வேற ஆளு. கதவு தொறந்ததும் அவ புது ஆளப் பாக்குறா, 'அவரு எங்க'ன்னு ஒரு வார்த்த கேக்கலையே. நானா இருந்தா கப்பல்ல கால் வைக்கிறதுக்கு முன்னாடி அதத்தான் கேப்பேன்."

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார். இத்தனை வருடம், இத்தனை தடவை பார்த்து, காலத்தைக் கூட்டிக் கழித்துச் சண்டை போட்டிருக்கிறோம். வாக்குக் கொடுத்த கேப்டன் மூன்று சீசனுக்கு முன்பே தொடரை விட்டுப் போய்விட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்ததாலேயே அவரைத் தேட எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த மெக்கானிக் பெண்ணுக்கு அது தெரியாதே.

"அது பெரிய ஓட்டைதான்" என்றார் டீச்சர் மெதுவாக. வகுப்பில் ஒரு பிள்ளை புது வழியில் கணக்குப் போட்டதைப் பார்ப்பதுபோல அவர் முகம் மலர்ந்தது. "நான் ஒத்துக்கிறேன்."

"நீங்க எதையாவது ஒத்துக்கிட்டு நான் இதுவரைக்கும் பாத்ததில்லையே" என்றேன். அவர் என் கையில் செல்லமாக ஓர் அடி வைத்தார்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பலாம் என்று டிரைவர் சாவியை எடுத்தார். அவர் மனைவி விடவில்லை. "இருங்க. இம்புட்டு வருசமா ஆகாசத்துல சுத்துறாகளே, இவுகளுக்கு வீடு வாசல், புருசன் பொண்டாட்டி ஒண்ணும் கெடையாதா? அப்பிடி ஏதாவது இருந்தா போடுங்க, பாப்போம்" என்றார். ஏழாவது சீசனில் ஒன்று இருப்பதாக டீச்சர் சொன்னார். அதற்கு ஜோடி பத்தாவதில் என்றேன் நான். இல்லை, பன்னிரண்டில் என்றார் அவர். டிரைவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.