கீழே என்றால் எந்த ஊர்?

‘கீழே எங்கே போட்டாலும் சம்மதம்’ என்று என் கணவர் வேலை விண்ணப்பத்தில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தும் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? இன்றுவரை எனக்கே பதில் தெரியவில்லை.

நீலகிரி மலையில், அரவேணுவில் இருக்கும் எங்களுக்குக் கீழே என்றால் கோயம்புத்தூர்தான். வேறு ஊர் உண்டென்ற நினைப்பே வரவில்லை. நான்கு வயது மகளுக்குப் பனிக்காலம் முழுக்க மூச்சு இழுக்கிறது. கீழே போய்விடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கோவையில் கொழுந்தனார் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளியில் சேர்த்தோம். அவளைப் பார்க்கும் மருத்துவரும் அங்கேதான். அதன் பிறகு வந்த வேலை உத்தரவில் சேலம் என்றிருந்தது. சேலமும் மலைக்குக் கீழேதானே!

கொழுந்தனார் கார் விற்கிறவர். ஆனாலும் ரயில் பைத்தியம்.

“அண்ணி, அதிவேக ரயில் வரப்போவுதுங்க. இங்க டிபன் சாப்பிட்டுப் போட்டு அண்ணன் சேலத்துல கை கழுவலாம்.”

“கை கழுவறதுக்கு மொதல்ல ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரோணுமுங்களே?”

“அண்ணிக்கு எதுலயும் ஒரு சந்தேகம்” என்று சிரித்தார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, குழந்தையைக் கொழுந்தனார் வீட்டில் விட்டுவிட்டு, இப்போதுள்ள ரயிலிலேயே ஒத்திகை பார்க்கலாம் என்று இவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் வீடு இருக்கும் கோவையின் ஓரத்திலிருந்து ஸ்டேஷன் சேரவே ஒரு மணி நேரம். காரை நிறுத்த இடம் தேடியது தனி. ரயிலில் ஒரு குறையும் இல்லை, சாய்ந்து தூங்கினார். சேலத்தில் இறங்கி, பைபாஸில் இருக்கும் அலுவலகத்தின் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“அங்கயா? பஸ்ஸு நிக்காதுங்க. அங்க வேலை பாக்கறவங்க எல்லாம் கார்லதான் வருவாங்க.”

அங்கே ஒரு கார், இங்கே ஒரு கார், நடுவில் பறக்கும் ரயில். யாருக்காக இது? வீட்டு வாசலில் கார் ஏறி அலுவலக வாசலில் இறங்கும்படி இந்த ஊர்களைப் பரப்பி வைத்துவிட்டு, நடுத்துண்டை மட்டும் வேகமாக்குகிறார்களாம். புது ஸ்டேஷனை ஊருக்கு வெளியே, நிலம் கிடைக்கிற இடத்தில்தான் கட்டுவார்கள். வேகம் மிச்சப்படுத்துவதை அந்தத் தூரமே தின்றுவிடும். கல் ஒன்றுகூட நடாத ரயிலை நம்பிக் குடும்பத்தைப் பிரிக்கச் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

“ரயில் வர்ற வரைக்கும் நான் வாரத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போறேன்” என்கிறார் இவர்.

மகளுக்கு மூச்சு முட்டுவது வாரக் கடைசி பார்த்தா வரும்? அதே சமயம், கிடைத்த நல்ல வேலையை என் பயம் கெடுக்கிறதோ என்றும் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். தெரிந்த மருத்துவரையும் உறவையும் விட்டு மூவருமாகச் சேலத்துக்கே போய்விடலாமா? இல்லை, வேலையே வேண்டாம் என்று எழுதச் சொல்லட்டுமா? இப்படி இரண்டு ஊர்களுக்கு நடுவே பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள்.