முத்துப்பேச்சி காத்த பீர் பங்களா

முந்தலுக்கு மேலே, போடிமெட்டுச் சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில், இரண்டு மாடிக் கருங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. சுமார் நூறு வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளைக்காரத் துரை, மலைத் தோட்டங்களில் இருந்த மற்றத் துரைமார்களுக்காக அங்கே பீர் காய்ச்சினார். மதுவிலக்கு வந்ததும் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஊர் அதைப் பீர் பங்களா என்றது. பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழும்படி மட்டும் சொல்லாது.

முத்துப்பேச்சி அந்தக் கட்டடத்துக்குள்தான் நடை பழகினாள். அவள் அம்மா மருதாயிக்கு அங்கே பார்லி புரட்டும் வேலை. ஊறிய பார்லியைத் தளத்தில் பரப்பி, முளை விடும்வரை மரத் துடுப்பால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மிதியடி பட்டால் முளை நசுங்கும். அதனால் துரையும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாராம். ஆலை பூட்டியபோது முத்துப்பேச்சிக்குப் பன்னிரண்டு வயது. அதன்பின் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போனாள். 1978இல் அவள் கணவன் தவசி கள்ளச்சாராயம் குடித்துச் செத்துப்போனான்.

1982இல் தோட்ட முதலாளி பால்சாமி அந்தக் கட்டடத்தை இடித்துக் கல் எடுக்க ஏற்பாடு செய்தார். போடியில் கல்யாண மண்டபம் கட்டுவதற்கு. மதுவிலக்கு இருந்த வருடங்களில் மலையிலிருந்து லாரி டியூப்புகளில் அடைத்துச் சாராயம் இறக்கியவர் அவர்தான் என்பது ஊருக்கே தெரியும். அளவெடுக்க ஆட்களோடு வந்த அன்று முத்துப்பேச்சி வாசலை மறித்து நின்றாள்.

பால்சாமி சிரித்தார். “புருசன் குடிச்சே செத்தான். நீ சாராயக் கெட்டடத்துக்குக் காவலா, ஆத்தா?”

“அவரு குடிச்சது ஒங்க டியூப்புல எறங்குன சரக்கு அண்ணே. இந்தச் செவுரு யாரையும் கொல்லல.”

அளவெடுத்தவர்கள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

எத்தனையோ ஊர்களில் இடிந்த மாளிகைகளுக்கு டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு நான் எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்த சமயம் அது. யாருக்காவது எழுது என்று முத்துப்பேச்சி என்னிடம் வந்து நின்றாள். தொல்லியல் துறைக்கு எழுதினேன். மூன்று மாதம் கழித்து, மதுரையிலிருந்து தொல்லியல் அதிகாரி ஒருவர் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது.

அதற்குள் அவள் தம்பி கன்னையன் தன் வழியில் கட்டடத்தைக் காப்பாற்றப் பார்த்தான். ஓடையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி வந்து உள்ளே நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டுவிட்டான். சாமி இருக்கிற இடத்தில் எவனும் கடப்பாறையை ஓங்க மாட்டான். எங்கள் பக்கத்தில் புறம்போக்கைக் காப்பதும் பிடிப்பதும் இப்படித்தான். பெண்கள் ஏற்கனவே விளக்குப் போடத் தொடங்கியிருந்தார்கள்.

முத்துப்பேச்சி அதைப் பார்த்தாள். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாள்:

“அதிகாரி வந்து இது என்னன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

“கோயிலும்பேன்.”

“அப்ப நம்ம ஆத்தா இங்க என்னத்தடா கிண்டுனா, பொங்கலா?”

அவளே கல்லைப் பெயர்த்தாள். மஞ்சளைக் கழுவி, எடுத்த ஓடையிலேயே கொண்டுபோய் வைத்தாள். சாமி குத்தம் வரும் என்று கன்னையனின் மனைவி அழுதாள். அன்றோடு கன்னையன் அக்காளிடம் பேச்சை நிறுத்தினான். அடுத்த வாரமே பால்சாமியின் ஆட்கள் மேற்குச் சுவரில் கை வைத்தார்கள். பாதிச் சுவர் போனது. மற்றப் பாதிக்கு முன்னால் இவள் போய் உட்கார்ந்துகொண்டாள். கூலிக்கு வந்தவர்கள் எல்லாரும் அவளோடு காய் எடுத்தவர்களின் பிள்ளைகள். சும்மா திரும்பிப் போனார்கள்.

அதிகாரி வந்த நாளில் பால்சாமியும் ஜீப்பில் வந்து இறங்கினார். இது வெறும் ஏலக்காய் உலர்த்துகிற பழைய ஸ்டோர், மலையில் இதுபோல நூறு கிடக்கிறது என்று பணிவாகச் சொன்னார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

முத்துப்பேச்சி அவரை மாடிக்கு வரச் சொன்னாள். மாடித் தளம் முழுவதும் பொடித் துளைகள் போட்ட ஓடு. கீழே நெருப்புக் குழி. குழியில் எழும் சூடும் புகையும் துளை வழியாக நேரே மேலே வந்து, தளத்தில் பரப்பிய முளைவிட்ட பார்லியை உலர்த்தும். ஏலக்காய்க்குப் புகை ஆகாது. பச்சை நிறமும் போய் வாசமும் கெடும். அதனால் ஸ்டோரில் இரும்புக் குழாய்க்குள் புகையை விட்டு, குழாயின் சூட்டில்தான் உலர்த்துவார்கள். இது இங்கே காய் எடுக்கிற எல்லாருக்கும் தெரியும்.

“அண்ணே, நீங்களும் தோட்டம் வச்சிருக்கீங்க. இந்தத் தளத்துல ஒங்க காயக் காயப்போடுவீங்களா?”

கீழே பத்துப் பதினைந்து தோட்டத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். போடுவேன் என்று சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள். மாட்டேன் என்றால் சொன்னது பொய்யாகிவிடும். பால்சாமி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

அதிகாரி அப்புறம் அவளிடம்தான் கேட்டு எழுதினார். ஒரே ஒரு இடத்தில் தயங்கினார். பீர் ஆலை என்றால் மேலிடத்தில் முகம் சுளிப்பார்கள், பழைய தொழிற்கூடம் என்று போட்டுவிடலாமா என்றார்.

“பீருன்னே எழுதுங்க சார். பார்லி கிண்டுனது மருதாயின்னும் எழுதுங்க.”

எழுதினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கி என்னிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தரம் படி என்றாள். அதற்குள் பால்சாமியின் ஜீப் கிளம்பிவிட்டது.

தை மாதம், கட்டடத்தை இடிக்கத் தடை உத்தரவு வந்தது. சுவர் போன பக்கத்தை முள் வெட்டிப் போட்டு அடைத்தாள். கன்னையன் வந்து முள்கட்டின் மறுமுனையைப் பிடித்தான்.