பத்து எண்ணும்வரை

போன ஞாயிற்றுக்கிழமை என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சி தருகிறவர்களின் சங்கத்துக்கு. உறுப்பினர்கள் எல்லாருமே இரண்டு பெஞ்சில் அடங்கிவிடுவார்கள் என்பதால் ரொம்பப் பெருமைப்படவும் வழியில்லை. தொழிலே நம் பக்கத்துக்குப் புதுசு. "பேசறதுக்குக்கூட டீச்சராம்மா?" என்று பஸ் கண்டக்டர் கேட்கிறார்.

நாற்காலியில் உட்கார்ந்த கையோடு ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். நோயாளியிடம் ஒன்றைக் கேட்டால், மனதுக்குள் பத்து எண்ணும்வரை நாம் வாயைத் திறக்கக் கூடாது.

இதற்குப் போய் ஒரு தீர்மானமா? ஆமாம். காரணம் ஏகாம்பரம்.

பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவர். ஐம்பது வயது. பக்கவாதம் வந்தது... கை, கால் தேறிவிட்டன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு மனைவி கன்னியம்மா கூட்டி வந்தார்.

"முழுசா பேச வாணாம்மா. இத்தினி வருசம் பேசினதே போதும். 'கீறேன்'னு ஒரு வார்த்த வந்தா சரி."

"அது ஏன், 'இருக்கிறேன்' என்கிற அந்த ஒரு வார்த்தை?"

"பாடு வருதில்ல?"

ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை போடுவது என்று அவர்கள் குப்பத்தில் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பார்கள். அதுதான் பாடு. பேர் கூப்பிட்டதும் ஆள் நேரில் நின்று தன் வாயால் குரல் கொடுக்க வேண்டும். வேறு யார் கொடுத்தாலும் செல்லாது. குரல் வராவிட்டால் அந்த வருஷம் ஏரியில் இடம் கிடையாது. சீட்டுக்கு இரண்டே மாதம் இருந்தது.

"ஏகாம்பரம்!" என்று நான் கூப்பிடுவேன். "கீறேன்" என்று பதில் வரும் — கன்னியம்மாவிடமிருந்து. வெளியே உட்கார வைத்தேன். ஜன்னல் வழியாகச் சொன்னார். பாவம், பயம். கடைசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "வார்த்தை வந்துகொண்டிருக்கும்போது நாம் குறுக்கே விழுந்தால் அது திரும்பிப் போய்விடும். பத்து எண்ணுங்கள்."

எண்ணுவது அவருக்குக் கஷ்டமில்லை. வாயை மூடிக்கொண்டு எண்ணத்தான் இரண்டு வாரம் பிடித்தது. ஏகாம்பரம் சில நாள் சொன்னார். சில நாள் வேர்த்து வழிய நின்றார்.

சீட்டு அன்று நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, போனேன். கோயில் முன்னால் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். பெண்கள் பின்னால். குப்பத்துத் தலைவர் தாளைப் பார்த்து, "ஏகாம்பரம்!" என்றார்.

உதடு அசைந்தது. சத்தமில்லை. தலைவர் நிமிர்ந்து பார்த்தார். யாரோ இருமினார்கள். மூன்று... நான்கு... இரண்டு மாத உழைப்பு! அந்த வீட்டின் ஒரு வருஷச் சோறு! என்னையறியாமல் வாயைத் திறந்துவிட்டேன்.

திறந்த வாயை ஒரு கை பொத்தியது. கருவாட்டு வாசனை.

"சும்மா இரும்மா!" என்றார் கன்னியம்மா, காதோடு. "நீதானம்மா சொன்ன? பத்து எண்ணு."

எண்ணினேன். பத்தைத் தாண்டியது. தலைவர் அடுத்த பேருக்குப் போகவில்லை. ஒருத்தரும் அவசரப்படவில்லை. பதினான்கில் ஏகாம்பரம் சொன்னார்.

"கீறேன்."

தலைவர் ஒன்றும் நடக்காததுபோல அடுத்த பேரைப் படித்தார். நான் அழுதேன். கன்னியம்மா அழவில்லை. "நாஷ்டா துண்ணியாம்மா?" என்று விசாரித்தார்.

சங்கத்தில் இந்தக் கதையைச் சொல்லவில்லை. தலைவியின் மானம் என்று ஒன்று இருக்கிறதே! தீர்மானத்தை மட்டும் படித்துவிட்டு, "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டேன். மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

இரண்டு எண்ணுவதற்குள் நான்கு பேர் பேச எழுந்துவிட்டார்கள்.