அடுத்தவர் கால் படாத பிரேக்

என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அவருக்கு ஒரு பிடிவாதம்: டிரைவர் சீட்டில் வேறு யாரும் உட்காரக் கூடாது. ஆளுக்கு ஆள் மிதித்தால் பெடல் கெட்டுவிடுமாம். ஒர்க்‌ஷாப்பில்கூட இறங்க மாட்டார். கைக்குழந்தையை டாக்டரிடம் காட்டுகிற தாய் மாதிரி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வண்டியைக் காட்டுவார். கட்டின பெண்டாட்டிக்கே பக்கத்து சீட்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளாக, பிரேக் கல்லு மாதிரி இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காமல் போகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். மெக்கானிக் பிரேக் பேடை மாற்றினான், ஆயிலை மாற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. போன வாரம் சிக்னலில் கோட்டைத் தாண்டிப் போய், சாலையைக் கடந்த ஒரு பெண்ணின் பையில் இடித்துத்தான் நின்றது. தக்காளியெல்லாம் ரோட்டில் உருண்டது. நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து இறங்கி நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன்.

“இதைச் சரி பண்ணாம வண்டிய எடுத்தீங்க, குறுக்க படுத்துருவேன்” என்று சொல்லிவிட்டு, மறுநாள் நானும் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினேன்.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கினான். “அண்ணே, பூஸ்டர் மேலதான் சந்தேகம். எஞ்சின் ஓடுறப்போ அதுதான் காலுக்கு ஒத்தாசை. ஆஃப் பண்ணிட்டு நாலஞ்சு வாட்டி மிதிங்க. அப்புறம் காலை எடுக்காம அழுத்திக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க. பூஸ்டர் நல்லா இருந்தா பெடல் தானா கொஞ்சம் கீழ இறங்கும்.”

இவர் அப்படியே செய்தார்.

“இறங்குதா?”

“இல்லடா. அப்படியே நிக்குது.”

எஞ்சினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் குழாயில் விரிசல் இல்லை. அப்படியானால் பூஸ்டரேதான் என்று வேறொன்றை மாட்டினான். மறுபடி மிதித்தார், மறுபடி ஸ்டார்ட் செய்தார்.

“இப்ப?”

“இல்லங்கிறேன்ல!”

“அண்ணே, அது புதுசுண்ணே!”

“புதுசா? எவன்டா உன் தலையில கட்டினான்?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இறங்குங்க. நான் பாக்குறேன்.”

“உனக்கு என்னடி தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. மிதிக்கத் தெரியும்ல?”

கையைப் பிடித்து இழுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். வலது செருப்பு உள்ளேயே கிடந்தது. வீட்டிலும் இப்படித்தான், ஒற்றைச் செருப்போடு வந்து நிற்பார், நானும் பிள்ளைகளும் சிரிப்போம்.

மெக்கானிக் சொல்லச் சொல்ல மிதித்தேன். பெடல் இறுகியது. காலை அழுத்தியபடியே சாவியைத் திருப்பினேன். என் பாதத்துக்கடியில் அது மெல்ல, நன்றாகத் தெரியும்படி, கீழே இறங்கியது.

“இறங்குதா அண்ணி?”

இவர் ஜன்னலில் குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் இந்தப் பாவி மனசு நினைத்தது. அப்படிச் சொன்னால் நாளைக்கும் வண்டியை எடுப்பார். ரோட்டில் உருண்ட தக்காளி கண்முன் வந்தது.

“இறங்குதுங்க” என்றேன்.

மெக்கானிக் அவர் காலைப் பார்த்தான். உச்சி வெயிலில் சிமெண்டுத் தரை கொதித்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, வலது கால்ல செருப்பு இல்லாம நிக்கிறீங்களே, சுடலையா?”

இவர் குனிந்து பார்த்தார். செருப்பு இல்லாதது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சர்க்கரை அவருக்கு ரொம்ப காலமாக உண்டு. கால் மரத்துப்போகலாம் என்று டாக்டர் சொன்னதை, மாத்திரை போடுவதோடு மறந்துவிட்டிருந்தோம்.

“அப்ப வண்டி நல்லாத்தான் இருக்கு” என்றார்.

மெக்கானிக்கிடம் சாவியை எடுத்து ஓட்டச் சொல்லிவிட்டு, அவரே சுற்றி வந்து நான் எப்போதும் உட்காரும் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறினேன். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் அவருடைய வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. மிதிப்பது காலுக்குத் தெரிகிறதா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.