முப்பத்தெட்டு மூட்டைகள்

கம்பைல் ஓடும்போது, அதாவது எழுதிய நிரலைக் கணினி தனக்குப் புரியும்படி மாற்றும்போது, முட்டிண்டா ஹமூங்கா உட்காருவதில்லை. விசையைத் தட்டியதும் எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, திரையில் ஓடும் வரிகளுக்கு முன்னால் நிற்பார். ஏழு நிமிடம். யாராவது பேச்சுக் கொடுத்தால், "இரு, பிள்ளைங்க ரோட்டைத் தாண்டிக்கிட்டு இருக்காங்க" என்பார்.

நாற்பத்து மூன்று வயதுப் பெண், சோமா ஊர்க்காரர். சாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் எங்கள் அலுவலகம் ஆற்று வெள்ள எச்சரிக்கைக்கான மென்பொருள் எழுதுகிறது. அதில் ஆயிரத்து நூற்று நாற்பது கோப்புகள். புதிய பதிப்புக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு முன்பெல்லாம் ஐம்பத்தைந்து நிமிடம் ஆகும். போன மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பேட்டரி இருபது நிமிடம்தான் தாங்கும். பாதியில் அணைந்த பதிப்பை நம்பி ஆற்றங்கரை நிலையங்களுக்கு அனுப்ப முடியாது, மறுபடி முதலிலிருந்துதான்.

ஒருநாள் மதியம் ந்ஷிமா என்ற மக்காச்சோளக் களியைச் சாப்பிடும்போது முட்டிண்டா கேட்டார்: "ஒவ்வொரு உருண்டை ந்ஷிமாவுக்கும் உங்க வீட்டுல தனித்தனியா உலை வைக்கிறாங்களா? நம்ம ஃபைலுங்க அதைத்தானே பண்ணுது. ஒவ்வொண்ணும் அதே பொதுப் பக்கங்களை முதல்லேர்ந்து படிக்குது." முப்பது முப்பது கோப்புகளாகச் சேர்த்து முப்பத்தெட்டு மூட்டை கட்டினால், அந்தப் பக்கங்களை மூட்டைக்கு ஒருமுறை படித்தால் போதும் என்றார்.

எங்கள் தலைவர் சிச்சோனே சிரித்தார். "மூட்டை கட்டுறதுக்கு இது சோவெட்டோ மார்க்கெட்டா, முட்டிண்டா? ஒரு வரி மாத்தினா முப்பது ஃபைலும் திரும்ப ஓடணுமே?"

"வேலை நடக்கிற ஃபைலை மட்டும் வெளியில விட்டுருவேன் சார். முடிஞ்சதும் உள்ளே."

மூன்று வாரம் கட்டினார். தனித்தனியாக இருந்தவரை ஒத்துப்போன கோப்புகள், ஒன்றாகப் போட்டதும் சண்டையிட்டன. ஒரே பெயரை இரண்டு கோப்புகள் வைத்திருந்தால் கம்பைலர் நின்றுவிடும். ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டே வந்தவர், முப்பத்தாறாவது மூட்டையில் நிறுத்தினார். ஆற்றங்கரை ஊரான காலபோவின் நீர்மட்ட அளவுகோலுக்கு உரிய 'அபாய மட்டம்' இரண்டு இடத்தில் இருந்தது. திரையைச் சிவப்பாக்கும் கோப்பில் 620 சென்டிமீட்டர். ஊருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் கோப்பில் 680.

அங்கே அளவுகோல் பார்க்கும் முபிட்டாவைத் தொலைபேசியில் அழைத்து, எந்த எண் சரி என்று கேட்டார். ஒலிபெருக்கியில் நாங்களும் கேட்டோம்.

"அறுநூத்தி இருபதுன்னா மாடுங்க மேட்டுக்குக் கிளம்பணும்மா. அறுநூத்தி எண்பதா? அப்போ என் கட்டிலே மிதக்குமே!"

"இப்ப எவ்வளவு?"

"ஐநூத்தி எழுபது. ஏறிக்கிட்டுதான் இருக்கு."

முட்டிண்டா மீதி மூட்டைகளை மறுநாள் மதியத்துக்குள் கட்டி முடித்து, 680-ஐ 620 ஆகத் திருத்தி, கம்பைலைத் தொடங்கினார். மூன்றாவது நிமிடத்தில் மின்சாரம் போயிற்று. மின்விசிறி நின்றது. பேட்டரி கீச்சிட்டது. முட்டிண்டா நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. ஏழாவது நிமிடம் கம்பைல் முடிந்தது. சோதனை ஐந்து நிமிடம். பேட்டரி அணைவதற்குள் புதிய பதிப்பு காலபோ போய்ச் சேர்ந்திருந்தது.

ஒன்பதாம் நாள் தண்ணீர் 620-ஐத் தொட்டது, செய்தி போனது. முபிட்டா மேட்டிலிருந்து அழைத்தார். பின்னால் மாடுகளின் சத்தம். "எல்லாரும் ஏறிட்டோம்மா. கட்டிலையும் தூக்கிட்டு வந்துட்டேன்."

அடுத்த பதிப்புக்கான படிவத்தில் 'தயாரித்தவர்' என்ற கட்டத்தில் எப்போதும் கையெழுத்திடுபவர் சிச்சோனே. இந்த முறை பேனாவை மூடாமலேயே முட்டிண்டா பக்கம் தள்ளினார். "நீ போடு."

முட்டிண்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தன் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் என்று பெரிய எழுத்துகளில் நிதானமாக எழுதினார். கட்டம் போதவில்லை. படிவத்தைப் பக்கவாட்டில் திருப்பிவைத்து, மீதியை ஓரத்தில் ஏறி எழுதினார்.